ஜாடியில் ஊறிய காளான்

சைகோனில் நான் முதலில் குடியிருந்த வீட்டில் பொழுது அடி உதையோடுதான் விடியும். பின்-தான் என்ற வட்டாரத்தில் ஒரு குறுகிய சந்து. எதிரெதிரே இரண்டு பைக்குகள் வந்தால் ஒன்று யார் வீட்டு வாசலிலாவது ஏறி நிற்க வேண்டும். கீழே வீட்டுக்காரர்கள், மாடியில் தகரக் கூரைக்கு அடியில் நான். வீட்டுக்காரம்மா விடிவதற்குள் எலும்பு வேகவைத்து வாசலில் நூடுல்ஸ் கடை போடுவார். வீட்டுக்காரர் லாரி ஓட்டி ஓய்ந்தவர். வாலிபத்தில் கம்போடியா எல்லைச் சண்டைக்குப் போய்த் திரும்பியவர் என்று சொன்னார்கள். சந்தில் யாரும் அவரிடம் உரத்துப் பேச மாட்டார்கள். சூப்பில் உப்புக் கூடினால் அடி, குறைந்தால் அடி. கடைக்கு வந்தவன் சொன்ன வேடிக்கைக்கு அந்தம்மா சிரித்துவிட்டால் அதற்குத் தனி அடி.

குடிவந்த புதிதில் ஒரு காலை சத்தம் கேட்டுப் படியிறங்கி ஓடினேன். வீட்டுக்காரர் ஹெல்மெட்டால் அடித்துக்கொண்டிருந்தார். அந்தம்மா அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் குந்தி, தலையை இரண்டு கையாலும் பொத்தியிருந்தார். என்னைக் கண்டதும் அவர் நிறுத்தினார். அதே ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்துப் போய்விட்டார். அந்தம்மா எழுந்து வாயைக் கொப்பளித்தார். சிவப்பாகத் துப்பினார். பிறகு என்னைப் பார்த்து, "சாப்டியா பொண்ணு? உக்காரு, சூப்பு சூடா இருக்கு" என்றார். நான் உட்கார்ந்தேன், சாப்பிடவும் செய்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அவரைச் சித்தப்பா, அந்தம்மாவைச் சித்தி என்றுதான் கூப்பிட்டேன். வியட்நாமிய மொழியிலும் அப்படியே முறை வைத்துத்தான் கூப்பிட வேண்டும். பெயர் சொல்லிவிட முடியாது.

நான் திருச்சிக்காரி. வேதியியலில் ஆய்வுப் பட்டம் முடித்துவிட்டு அங்கே ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். லிங் சி என்று அவர்கள் சொல்லும் மருந்துக் காளான்தான் எங்கள் பிழைப்பு. செம்பழுப்பு நிறத்தில், வார்னிஷ் அடித்த மாதிரி பளபளப்பாக, மரக்கட்டை போலக் கெட்டியாக இருக்கும். நகரத்தை ஒட்டிய குச்சி என்ற வட்டாரத்தில் கொட்டகை போட்டு, ரப்பர் மரத்தூள் அடைத்த பைகளில் அதை வளர்ப்பார்கள். காய்ந்ததை மூட்டையாக வாங்கிவந்து அரைத்து மெத்தனாலில் ஊறப்போடுவோம். கருத்த சாறு இறங்கும். மெத்தனாலை ஆவியாக்கிவிட்டால் பிசின் மிஞ்சும். நாக்கில் வைக்க முடியாத கசப்பு. அந்தக் கசப்பிலிருந்து ஒவ்வொரு சரக்காகப் பிரித்தெடுத்து, தட்டில் வளரும் கல்லீரல் புற்றுநோய் செல்களின் மேல் விட்டுப் பார்ப்பேன். செல் உயிரோடு இருந்தால் நாங்கள் போடும் சாயம் ஊதாவாக மாறும். செத்திருந்தால் மஞ்சளாகவே நிற்கும். தட்டு மஞ்சளாக நின்ற அன்றைக்கு ஆய்வகத்தில் எல்லோருக்கும் கரும்புச்சாறு வரும்.

தட்டுக்கு அடுத்தது எலி. கட்டியின் செல்களை எலியின் விலாத் தோலுக்கு அடியில் ஊசியால் ஏற்றுவோம். கொண்டைக்கடலை அளவுக்குக் கட்டி வளர்ந்ததும் பாதி எலிகளுக்கு எங்கள் சரக்கைக் கொடுப்போம், மீதிக்கு வெறும் எண்ணெய். கடைசியில் எல்லாவற்றையும் கொன்றாக வேண்டும், கட்டியை அறுத்து எடை போட. வாலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கழுத்துக்குப் பின்னால் இரும்புக் கம்பியை அழுத்தி, வெடுக்கென்று இழுக்க வேண்டும். கழுத்தெலும்பு விலகுவது விரலுக்குத் தெரியும். அந்த விரல்களோடு சாயங்காலம் வீடு திரும்புவேன். கீழே பாத்திரம் உருளும், அறை விழும் சத்தம் கேட்கும். நாள் போகப் போக இரண்டுமே எனக்குப் பழகிவிட்டன. அப்படிப் பழகிப்போவதை நினைத்துச் சில நாள் எனக்கே அருவருப்பாக இருக்கும்.

மழைக்காலம் தொடங்கியபோது சித்தப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. இளைத்துப்போனார். வலப்பக்க விலாவைப் பிடித்துக்கொண்டே நடந்தார். ஆஸ்பத்திரியில் படமெடுத்துப் பார்த்துக் கல்லீரலில் புற்றுநோய் என்றார்கள். பரவிவிட்டது, அறுவை சிகிச்சை செய்ய முடியாது, மாத்திரை சாப்பிடுங்கள், வலியைக் குறைக்கப் பார்க்கிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். இதைச் சித்தி கீரை அலசிக்கொண்டே என்னிடம் சொன்னார், யாரோ ஒருவருக்கு வந்த வியாதியைச் சொல்வது போல.

அவர் அடிக்காத காலைகள் சில வந்தன. அந்த அமைதியில் எனக்குச் சரியாகத் தூக்கம்கூட வரவில்லை.

என்னைப் பற்றிச் சித்திதான் கடைக்கு வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தார். 'மாடியில இருக்கிற இந்தியப் பொண்ணு லிங் சியால புத்துநோயக் கொல்லுது' என்று. அது சந்து முழுக்கச் சுற்றிச் சித்தப்பா காதுக்கே வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாங்காய் அறுத்து, மிளகாய் உப்போடு தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு படியேறி வந்தார். மூச்சு வாங்கியது. என் நாற்காலியில் உட்கார்ந்தார். அதுவரை அவர் என் அறைக்குள் வந்ததே இல்லை.

"நீ அங்க கொல்றது ஈரல் கட்டியத்தானாமே?"

"ஆமா சித்தப்பா. கண்ணாடித் தட்டுல இருக்கிற செல்லுங்க."

"சாகுதா?"

"சிலது சாகுது."

"எலிக்கும் கொடுக்கிறியாமே?"

"கொடுக்கிறோம். இன்னும் ஒண்ணும் முடிவாகலை."

அவர் ஒரு மாங்காய்த் துண்டை எடுத்து உப்பில் தொட்டு என்னிடம் நீட்டினார். "அப்ப எனக்கும் கொடு. ஒரு எலிக்குக் கொடுக்கிறதை எனக்குக் கொடுக்கக் கூடாதா?"

எனக்குத் தெரிந்த அரைகுறை வியட்நாமிய மொழியில் எடுத்துச் சொன்னேன். தட்டில் இருக்கும் செல்லைக் கொல்வது பெரிய காரியமில்லை, பினாயிலை ஊற்றினாலும் சாகும், உப்பைக் கரைத்து ஊற்றினாலும் சாகும். ஆள் உடம்பில் போனால் அது கட்டி வரைக்கும் போய்ச் சேருமா, சேர்ந்தாலும் நல்ல ஈரலை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் கொல்லுமா என்று எங்களுக்கே தெரியாது. நான் ஏதாவது கொடுத்து நீங்கள் செத்துப்போனால் அது கொலை. டாக்டர் கொடுத்த மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

பொறுமையாகத்தான் கேட்டார். எழுந்து போகும்போது, "யோசிச்சுச் சொல்லு" என்றார். அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். நான் விலை பேசுவதாக அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்பது பின்னால்தான் தெரிந்தது.

அதற்கப்புறம் சந்துக்கு ஒரு வியாபாரி வந்தான். டாக்டர் மாதிரி வெள்ளைக் கோட்டு, பைக்கின் பின்னால் சிவப்பு அட்டைப் பெட்டிகள். காட்டில் பாறை இடுக்கில் விளைந்த பழைய லிங் சி, ஒரே பருவத்தில் கட்டி கரையும் என்றான். ஆஸ்பத்திரி மாத்திரை காளானோடு சண்டை போடும், அதனால் மாத்திரையை நிறுத்திவிட வேண்டும் என்றும் சொன்னான். சித்தப்பா மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டினார். அந்தப் பொடியை வாங்கி முகர்ந்து பார்த்தேன். மரத்தூள் வாசனைதான் தூக்கலாக இருந்தது. சொன்னேன். பொடியைக் கலக்கி வைத்திருந்த கிண்ணம் என் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் உடைந்தது. "நீயும் கொடுக்க மாட்டே, இன்னொருத்தன் கொடுத்தாலும் பொறுக்காதா?" என்று கத்தினார். "அந்தப் பொண்ணு சொல்றதைக் கேளேன்" என்ற சித்திக்குக் கன்னத்தில் அறை விழுந்தது. நோய் வந்த பிறகு விழுந்த முதல் அறை அது. கையில் பழைய பலம் இல்லை. இருந்தும் சித்தி சுவரில் போய் மோதினார்.

பொடியைக் குடித்துக்கொண்டே இருந்தார். கண் மஞ்சளானது. வயிறு நீர் கட்டிப் பானையாக வீங்கியது, கால்கள் குச்சியாயின. இராப்பகலாகச் சொறிந்து சொறிந்து தோலில் ரத்தக் கோடுகள். சித்தி அவரை மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகப் பார்த்தார். அதற்கும் அடி.

அந்த வியாபாரி இரண்டாம் முறை வந்தது ஒரு காலை நேரம். கடையில் நாலைந்து பேர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஆய்வகத்துக்குக் கிளம்பி, மாடிக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தேன். பைக்கை நிறுத்திவிட்டு, "எப்படி இருக்கீங்கண்ணே?" என்றான் அவன். சித்தப்பா பக்கத்தில் போய் அவன் கோட்டின் கழுத்தைப் பிடித்து இழுத்தார். பைக்கோடு சேர்ந்து விழுந்தான். அவ்வளவு வீங்கிய வயிறோடு அந்த மனிதர் அவன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். ஹெல்மெட்டால் முகத்தில் அடித்தார். மூக்கு உடையும் சத்தம் மாடி வரைக்கும் கேட்டது. அவன் கைக்குச் சித்தியின் எலும்பு வெட்டும் கத்தி அகப்பட்டது. கண்ணை மூடிக்கொண்டு வீசினான். சித்தப்பாவின் தோள் கிழிந்தது. சாப்பிட்டவர்கள் கிண்ணங்களை எறிந்துவிட்டு எழுந்தார்கள். சூப்புப் பானை கவிழ்ந்து, கொதிக்கிற தண்ணீர் சந்தில் ஓடியது. ஒருவன் கத்திக் கையை மிதித்தான், இன்னொருவன் வியாபாரியின் விலாவில் உதைத்தான். பெட்டிகள் பிரிந்து பழுப்புப் பொடி ரத்தத்திலும் சூப்பிலும் சேறாகக் குழைந்தது.

"ஏமாத்திட்டியேடா! இங்க பாரு என் வயித்த!" என்று சித்தப்பா அவன் தலையைத் தரையில் மோதினார்.

உயிருக்குப் பயந்தவன் வாயில் வந்ததைச் சொல்லத்தானே செய்வான்? "எங்கிட்ட இருக்கிறது வெறும் பொடிண்ணே! நிஜ மருந்து சாறுதான்! அதை ஆய்வகத்துலதான் எடுப்பாங்க. உங்க வீட்டுலயே இருக்கே அந்த இந்தியாக்காரி, அவளக் கேளுங்க! அவங்கதான் பதுக்கி வச்சிருக்காங்க!"

சித்தப்பாவின் கை நின்றது. தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தார். நான் சாவியை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

வியாபாரியை யாரோ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். சித்தப்பாவின் தோளுக்குத் தெருமுனை கிளினிக்கில் தையல் போட்டார்கள். வட்டாரத்தைக் கவனிக்கும் வார்டு போலீஸ் வந்து கேட்டபோது யாரும் எதையும் பார்க்கவில்லை. நான் ஆய்வகத்துக்குப் போனேன், வழக்கம் போல வேலையைப் பார்த்தேன். சாயங்காலம் திரும்பி வந்து அறைக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் அவர் சுத்தியலோடு படியேறி வந்தார். நான் உள்ளே போட்டிருந்த தாழ்ப்பாள் ஒரே அடியில் தெறித்தது. என் பையைக் கவிழ்த்தார், மெத்தையைக் கிழித்தார். ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த ஊறுகாய் பாட்டிலைத் திறந்து முகர்ந்துவிட்டுச் சுவரில் அடித்தார். பிறகு என் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு வைத்து அழுத்தினார்.

"எங்க வச்சிருக்கே?"

என்னால் பேச முடியவில்லை. கண் இருட்டியது. சித்தி ஓடிவந்து பின்னாலிருந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு இழுத்தார். மூன்று பேரும் கீழே விழுந்தோம். அவர் மூச்சுக்குத் தவித்தபடி தரையில் கிடந்து, "எலிக்குக் கொடுக்கிறாளே... எலிக்குக் கொடுக்கிறாளே..." என்று சொல்லிக்கொண்டிருந்தார். சித்தி என்னைப் படியில் தள்ளி, "போ! துணிமணியெல்லாம் நான் கொண்டாந்து தரேன், நீ போயிடு!" என்றார்.

ஆய்வகத்துத் தலைமைப் பேராசிரியை தன் வீட்டிலேயே எனக்கு ஓர் அறை ஒழித்துக் கொடுத்தார். திருச்சிக்குப் போன் செய்து அண்ணனிடம் சொன்னேன்.

"நீ மொதல்ல டிக்கெட்டப் போடு" என்றான் அண்ணன். "காளானும் வேணாம் கத்திரிக்காயும் வேணாம். கழுத்தப் புடிச்சிருக்கான், இன்னும் என்ன ஆராய்ச்சி?"

"எலிங்க பாதியில நிக்குதுண்ணே."

"எலியாம்! ஒனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா?"

அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் ஒரு கிழவன் கழுத்தைப் பிடித்தான் என்பதற்காக மூன்று வருஷ உழைப்பைப் போட்டுவிட்டு ஓட எனக்கு மனம் வரவில்லை. பயத்தைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது. வெள்ளிக்கிழமை நகரத்து நடுவில் இருக்கும் தண்டாயுதபாணி கோயிலில் போய் உட்கார்ந்தேன். சாமி கும்பிடவில்லை. என் கழுத்தைப் பிடித்த அந்தக் கையை என்ன செய்யலாம் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் சித்தப்பா ஆய்வகத்துக்கே வந்தார்.

அந்த ஊரில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் கொஞ்ச நேரம் தூங்குவார்கள். பக்கத்து அறையில் விளக்கை அணைத்துவிட்டு, மடக்குக் கட்டிலிலும் பாயிலுமாக எங்கள் ஆட்கள் படுத்திருந்தார்கள். எனக்குப் பகல் தூக்கம் பழக்கமில்லை. தனியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தி அவ்வப்போது எனக்குச் சாப்பாடு கொடுத்தனுப்புவது வாசல் காவலாளிக்குத் தெரியும். சித்தப்பா தூக்குவாளியோடு வந்து, நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் என்று சொன்னதும் காவலாளி மாடிக்கு அனுப்பிவிட்டார். கதவு திறந்தது. திரும்பினால் அந்த வயிறும் அந்த மஞ்சள் கண்ணும். தூக்குவாளியைத் தரையில் வைத்துவிட்டுக் கதவை உள்ளே தாழ் போட்டார்.

என்னை அவர் பார்க்கவே இல்லை. மேஜை மேல் இருந்த பெரிய கண்ணாடி ஜாடியைத்தான் பார்த்தார். அந்த ஊரில் பாதி வீடுகளில் அதே மாதிரி ஜாடி உண்டு. அரிசிச் சாராயத்தில் காளானோ வேரோ பாம்போ ஊறப்போட்டு, அடியில் ஒரு குழாய் வைத்து, ஆண்கள் சாயங்காலம் ஒரு வாய் குடிப்பார்கள். எங்கள் ஜாடியும் அப்படியேதான் இருந்தது. அதே பழுப்புச் சாறு, அதே காளான் சில்லுகள், அதே குழாய். ஆனால் உள்ளே இருந்தது மெத்தனால்.

"இதுதானா?" என்றார்.

"சித்தப்பா, அது விஷம். தொடாதீங்க."

"ஊரே இதைத்தான் குடிக்குது."

"அது சாராயம், இது வேற. குடிச்சா கண்ணு போகும், உசுரு போகும். மேல மண்டையோடு படம் ஒட்டியிருக்கு பாருங்க!"

"அது திருடனுக்கு ஒட்டினது" என்றார். "உசுரு போகுமாம்!" என்று சொல்லிச் சிரித்தார். மேஜையிலிருந்து ஒரு கண்ணாடிக் குவளையை எடுத்துக் குழாயைத் திறந்தார்.

என் சின்ன வயதில் எங்கள் தெருவில் ஒரு மூட்டை தூக்குகிறவர் கள்ளச்சாராயம் குடித்துவிட்டு வந்து படுத்தார். மறுநாள் நல்ல வெயிலில் வாசலில் உட்கார்ந்துகொண்டு, "ஏன் இன்னும் விடியலை?" என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கேட்டார். மத்தியானத்துக்குள் போய்விட்டார். அந்தக் கேள்வி எனக்குக் காதில் விழுந்தது போல இருந்தது. பாய்ந்து குவளையைப் பிடித்தேன். முழங்கையால் என் வாயில் இடித்தார். முடியைப் பிடித்து என் தலையை அலமாரிக் கண்ணாடியில் மோதினார். கண்ணாடி உடைந்து நெற்றியிலிருந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. சாகக் கிடக்கிற உடம்பில் அத்தனை வேகம் எங்கிருந்து வந்ததோ! என்னைக் கீழே தள்ளிவிட்டுக் குவளையை உதட்டருகே கொண்டுபோனார்.

கண்ணாடிக் குடுவைகளை மாட்டி வைக்கும் இரும்பு ஸ்டாண்டு ஒன்று கைக்கு எட்டியது. எழுந்து, அவருடைய வலது மணிக்கட்டில் என் பலத்தையெல்லாம் கூட்டி அடித்தேன். எலும்பு முறிந்தது கேட்டது. குவளை சிதறியது. அவர் கத்தவில்லை. மேஜையில் கொட்டியதை இடது கையால் வழித்து வாயில் வைக்கப் போனார். தோளில் அடித்தேன். வியாபாரி வெட்டிய தோள் அது. தையல் பிரிந்து சட்டை நனைந்தது. அப்போதும் குனிந்து நாக்கை நீட்டினார். அவரைத் தள்ளிவிட்டு ஜாடியை இரண்டு கையாலும் பிடித்துத் தரையில் போட்டு உடைத்தேன். மாதக்கணக்கில் சேர்த்த சாறு அவ்வளவும் தரையெங்கும் ஓடியது. அவர் மண்டி போட்டு அந்த ஈரத்தில் முகத்தைக் கவிழ்த்தார். சட்டைக் காலரைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தேன். கையைக் கடித்தார். முதுகில் உதைத்தேன். உதைத்தேன் என்றால் உண்மையிலேயே உதைத்தேன். சித்தி சுவரில் மோதிய சத்தமும் நான் முழுங்கிய சூப்பும் எல்லாம் அந்த உதையில் இருந்தன.

தூங்கியவர்கள் கதவை உடைத்துக்கொண்டு வந்தார்கள். மெத்தனால் நெடியில் கண் எரிந்தது. யாரோ மின்சாரத்தைத் துண்டித்தார்கள், யாரோ ஜன்னல்களைத் திறந்தார்கள். எங்கள் இருவரையும் காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் அவர் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்து, மெத்தனால் ஆபத்தான அளவில் இல்லை, பிழைத்தார் என்றார்கள். மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. என் நெற்றியில் தையல் போட்டார்கள். கடை ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் சித்தி வந்து சேர்ந்தார். என் தலையில் கட்டைப் பார்த்தார், கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தார்.

"சித்தி, கையை நான்தான் உடைச்சேன்."

"எந்தக் கை?"

"வலது."

சித்தி பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு மெல்லிய குரலில், "எங்க அண்ணன் தம்பிங்க மூணு பேர். அப்புறம் வார்டு போலீசு. அவரோட அப்பா. யாரும் அந்தக் கையைத் தொட்டதில்ல" என்றார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கஞ்சி வாங்கிவந்து அவருக்கு ஊட்ட ஆரம்பித்தார். முதல் வாய் சுட்டுவிட்டது போல. அவர் துப்பிவிட்டு, பழக்கத்தில் அறைவதற்குக் கையை ஓங்கினார். மாவுக்கட்டுப் போட்ட கை பாதியில் நின்று, வலியில் கட்டிலில் விழுந்தது. சித்தி ஸ்பூனை ஊதி ஆறவைத்தபடி காத்திருந்தார்.

"வாயைத் திற" என்றார்.

அவர் திறந்தார்.

போலீஸ் என்னிடம் புகார் கொடுக்கிறீர்களா என்று கேட்டது. வேண்டாம் என்றேன். அவரும் கொடுக்கவில்லை. பேராசிரியை ஆய்வகக் கதவுக்கு வேறு பூட்டுப் போட்டார். மெத்தனால் ஜாடிகளை உலோகக் கேன்களாக மாற்றினார். காளானை மறுபடி வாங்கி, மறுபடி அரைத்து, முதலிலிருந்து ஊறப்போட்டேன்.

எலிகளின் கதையையும் சொல்லிவிட வேண்டும். சரக்குக் கொடுத்த எலிகளில் சிலவற்றுக்குக் கட்டி சின்னதாக இருந்தது. சிலவற்றுக்கு எண்ணெய் மட்டும் குடித்த எலிக்கு இருந்த அதே அளவு. தட்டில் அத்தனை சுத்தமாகக் கொன்ற பொருள் உடம்புக்குள் போனதும் ரத்தத்தில் சரியாகக் கரையவில்லை. கரைந்ததையும் ஈரலே உடைத்து வெளியே தள்ளிவிட்டது. மேற்கொண்டு ஆராயத் தகுந்தது என்று எழுதினோம். பொய்யில்லை. அதற்கு மேல் ஒரு வார்த்தை எழுதினால்தான் பொய்.

தெத் என்னும் வியட்நாமியப் புத்தாண்டுப் பண்டிகைக்கு முன்னால் சித்தப்பா இறந்தார். சித்தி போனில், "போயிட்டாரு. நீ வரணும்னு இல்ல" என்றார். போனேன். சந்தில் பந்தல் போட்டு, மேளமும் ஊதலும் காது கிழிய ஒலித்தன. வீட்டார் தலையில் வெள்ளைத் துணிப் பட்டை கட்டியிருந்தார்கள். ஊதுவத்தி வைத்துக் கும்பிட்டுத் திரும்பும்போது, வுங் டா என்ற கடற்கரை ஊரிலிருந்து வந்திருந்த அவருடைய தம்பி என் வழியை மறித்தான். வாயெல்லாம் சாராய நெடி.

"நீதானே அந்த மருந்துக்காரி?"

"எங்கிட்ட மருந்து ஒண்ணும் இல்லைங்க."

"கண்ணெதிரே வச்சுக்கிட்டே எங்கண்ணனைச் சாக விட்டியேடி!" என்று ஓங்கி அறைந்தான். நெற்றித் தையல் போட்ட இடம் மேளக்காரரின் நாற்காலியில் இடித்தது. முடியைப் பிடித்து இரண்டாம் அறைக்குக் கையை ஓங்கினான். மேளம் நின்றுவிட்டது. யாரும் கிட்டே வரவில்லை. சித்திதான் சமையல் பக்கமிருந்து பெரிய சூப்புக் கரண்டியோடு வந்து அவன் முதுகில் வைத்தார், ஒன்றல்ல, அவன் என் முடியை விடும் வரைக்கும்.

"இந்த வீட்டுல இனிமே எவனாவது கையை ஓங்கினா அந்தக் கை இருக்காது!" என்று பந்தல் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். அந்தக் குரலை அதுவரை நான் கேட்டதே இல்லை. தம்பி பெஞ்சில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழ ஆரம்பித்தான்.

சித்தி பைக்கில் ஏற்றி என்னைப் பெரிய ரோடு வரைக்கும் கொண்டுவந்து விட்டார். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி ரத்தம் கசிந்திருந்தது.

"இனி இந்தப் பக்கம் வராதே" என்றார். "அவங்க ஆளுங்க நம்ப மாட்டாங்க. நீ எவ்வளவு சொன்னாலும் மருந்து இருந்துதுன்னுதான் சாகிறவரைக்கும் சொல்லிக்கிட்டிருப்பாங்க."

"நீங்க நம்புறீங்களா சித்தி?"

அவர் யோசித்தார். லாரிகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

"நீ கொடுத்திருந்தா அவர் பிழைச்சிருப்பாரோன்னு நினைச்சுப் பார்த்தேன்" என்றார். "அவர் எழுந்து வர்றதை நினைக்கவே பயமா இருந்துச்சு."

வெள்ளைப் பட்டையைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு பைக்கைத் திருப்பினார். பந்தலில் சாப்பாட்டுக்கு ஆட்கள் காத்திருந்தார்கள்.